மெக்சிகோப் பக்கம் நின்ற அக்னெஸ் அக்கா

எங்கள் ஆட்களின் மரணச் செய்தி வாட்ஸ்அப்பில்தான் வரும். பிறப்பிடம், வதிவிடம், இன்னாரின் அன்பு மகள், இன்னாரின் பாசமிகு தாயார் என்று ஒழுங்காக அடுக்கி, மூலையில் ஒரு மெழுகுதிரியும் வைத்து அனுப்புவார்கள். அக்னெஸ் அக்காவின் செய்தி எனக்கு அப்படி வரவில்லை. எங்களோடு வேலை செய்த மெக்சிகோக்காரி லூப்பே தொலைபேசியில் அழைத்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு வாசலில் காரைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாயைத் திறந்தால் மூடாத லூப்பே என் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தாள். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, நிறுத்தத் தோன்றவில்லை. வாட்ஸ்அப் செய்தி மதியத்துக்குப் பிறகுதான் வந்தது. எங்கள் சனம் பிந்திப்போய், லூப்பே முந்திக்கொண்டதை அறிந்திருந்தால் அக்கா அதையும் மெக்சிகோவின் வெற்றிகளில் ஒன்றாகச் சேர்த்திருப்பார்.

ஸ்காபறோவில் உடலைப் பார்வைக்கு வைத்த மாலை, பின்வரிசையில் இருந்த சிலர் மெல்லிய குரலில் ஒரு கதை பேசினார்கள். அக்னெஸ் கடைசியில் மனம் விட்டுவிட்டாவாம். டொக்டர் இன்னொரு முறை மருந்து ஏற்றலாம் என்று சொல்லியும் வேண்டாம் என்றுவிட்டாவாம். போராடியிருந்தால் இன்னும் கொஞ்சக் காலம் இருந்திருப்பாவாம். செத்தவீட்டில் இருந்து வைத்தியம் பேசுவது எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் அந்தக் கதை அக்காவின் ஒரே மகன் ஜெறோமின் காதில் விழுந்துவிட்டது. அடக்கம் முடிந்து சில நாட்களில் என் வீட்டுக்கு வந்தான்.

"அங்கிள், அண்டைக்கு நீங்கள் எங்கட வீட்டில இருந்தனீங்கள் தானே. நினைவு மலரில நீங்கள் எழுதுங்கோ. அம்மா கிவ் அப் பண்ணேல்லை எண்டு எழுதுங்கோ. நான் எழுதினா, மகன் அப்பிடித்தானே சொல்லுவான் எண்டு சொல்லுவினம்."

ஆகவே எழுதுகிறேன். அக்காவை நெருங்கி அறிந்த உங்களுக்கு இது தெரியும். பின்வரிசைக்காரர்களும் ஒருமுறை வாசித்தால் நல்லது. நினைவு மலரில் இவ்வளவு உதைபந்தாட்டமா என்று யாரும் முகம் சுளிக்கவேண்டாம். அதைச் சொல்லாமல் அக்காவைச் சொல்ல எனக்குத் தெரியாது.

மிசிசாகாவில் விமானங்களுக்குச் சாப்பாடு தயாரித்து அனுப்பும் பெரிய கிச்சின் ஒன்றில் நாங்கள் வேலை செய்தோம். நகர்ந்து வரும் தட்டுகளில் நான் பாண் வைப்பேன், அக்கா கறிப்பெட்டி வைப்பார், அவருக்குப் பக்கத்தில் லூப்பே பழம் வைப்பாள். அஜின்கோர்ட்டிலிருந்து விடியமுன் என் காரில் புறப்படுவோம். முன் சீற்றில் சிவநேசன் அண்ணை, பின்னால் அக்கா. வழியில் லூப்பேயையும் ஏற்றிக்கொள்வோம். அக்கா மன்னார்க் கத்தோலிக்கர். சிவநேசன் அண்ணையும் நானும் யாழ்ப்பாணத்துப் பிள்ளையார் பக்தர்கள். அக்காவின் கணவர் கனடா வந்த சில வருடங்களிலேயே மாரடைப்பில் போய்விட்டார். கைக்குழந்தையாக இருந்த ஜெறோமை அக்கா தனியாக வளர்த்தார். அந்தக் கஷ்டத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. காரில் ஏறியதும் அவர் பேசியது முதல்நாள் நடந்த ஆட்டத்தைப் பற்றித்தான்.

எங்கள் கண்டத்தின் சிறந்த கழகங்களுக்கு வருடா வருடம் ஒரு போட்டி நடக்கிறது. ரொறன்ரோ அணி அமெரிக்க லீக்கில் ஆடுவதால், அந்தப் போட்டி தொடங்கினால் சிவநேசன் அண்ணையும் நானும் அமெரிக்கப் பக்கம். லூப்பே மெக்சிகோப் பக்கம். அந்த நாட்களில் எங்கள் பக்கத்தின் பாடு பரிதாபம். இந்த முறை பிடித்துவிட்டோம் என்று நினைப்போம். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதையாகக் கடைசி நேரத்தில் மெக்சிகோக் கழகம் ஒன்று கோல் அடித்துவிடும். அப்படிப்பட்ட மெக்சிகோப் பக்கம்தான் அக்கா நின்றார். ரொறன்ரோவில் இருந்துகொண்டு, ரொறன்ரோக்காரனைப் பெற்று வைத்துக்கொண்டு, அவர் ஏன் அங்கே நிற்கிறார் என்று எங்களுக்கு விளங்கவில்லை. கேட்டால், "எனக்கு அவங்கட ஆட்டம் பிடிச்சிருக்கு" என்று சொல்லி முடித்துவிடுவார்.

கேசரிக் கதை நடந்தது அந்தக் காலத்தில்தான். ஒருநாள் சிவநேசன் அண்ணை பெரிய தட்டம் நிறையக் கேசரியோடு காரில் ஏறினார். முதல்நாள் அமெரிக்கக் கழகம் ஒன்று தன் மைதானத்தில் மெக்சிகோக் கழகத்தை ஒன்றுக்குப் பூச்சியம் என்று வென்றிருந்தது. இடைவேளையில் கிச்சின் முழுவதற்கும் பகிர்ந்தார். லூப்பேக்கு முந்திரிப்பருப்பு நிறைந்த துண்டாகப் பார்த்து, ஆறுதல் பரிசு என்று சொல்லிக் கொடுத்தார். அக்கா நிதானமாகச் சாப்பிட்டார். எல்லோரும் சாப்பிட்டு முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, "கேசரி நல்லாயிருக்கு சிவநேசன். எங்கட ஆக்கள் அடுத்த சுற்றுக்குப் போனதுக்கு உங்கட பக்கத்தில இருந்து ஒராள் கேசரி தந்தது பெரிய மனசு" என்றார். அந்தப் போட்டியில் இரண்டு கழகங்களும் இரண்டு தடவை மோதவேண்டும், ஒருவர் மைதானத்தில் ஒன்று, மற்றவர் மைதானத்தில் ஒன்று. இரண்டிலும் அடித்த கோல்களைக் கூட்டித்தான் வெற்றி. போன கிழமை மெக்சிகோவில் நடந்த ஆட்டத்தில் எங்கள் பக்கம் மூன்று கோல்களால் தோற்றதை அண்ணை கணக்கில் எடுக்கவே இல்லை. எங்கள் ஊர்ச் சுற்றுப்போட்டிகளில் அன்று வென்றவன் வென்றவன்தான். அந்தப் பழக்கத்தில் வந்த வினை. லூப்பே இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். அதற்குப் பிறகு அக்கா எங்கள் காருக்கு ஒரு சட்டம் போட்டார். இரண்டு ஆட்டமும் முடியும்வரை ஒருவரும் இனிப்புக் கொண்டுவரக்கூடாது, முடிந்த பிறகு தோற்ற பக்கம் மட்டன் ரோல்ஸ் கொண்டுவரவேண்டும். பல வருடங்களாக அந்த ரோல்ஸ் சிவநேசன் அண்ணை வீட்டிலும் என் வீட்டிலும்தான் பொரிந்தது.

லூப்பேக்கு அக்காமீது ஒரு குறை இருந்தது. அக்கா எந்த மெக்சிகோக் கழகம் விளையாடினாலும் அதற்குக் கைதட்டுவார். லூப்பேயின் கண்ணில் இது பெரும் பாவம். அவளுடைய ஊர்க் கழகத்துக்கும் தலைநகரக் கழகத்துக்கும் ஏழாம் பொருத்தம். ஒன்றைத் தெரிவு செய், பிறகு விடாதே, கலியாணம் செய்கிற மாதிரி என்று காரில் வைத்தே வகுப்பு எடுத்தாள். அக்கா இரண்டு நாள் யோசித்துவிட்டு லூப்பேயின் கழகத்தையே எடுத்துக்கொண்டார். லூப்பே அடுத்த முறை ஊருக்குப் போய்வந்தபோது அக்காவுக்கு அந்தக் கழகத்தின் கழுத்துச்சால்வை கொண்டுவந்து கொடுத்தாள். குளிர்காலம் முழுவதும் பூசைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டு போனார். கோயில் பங்குச் சபையில் யாரோ அதைப் பற்றிக் கதைத்தார்களாம். அக்கா காதில் வாங்கவில்லை.

பிறகு ஒரு வருடம் நடக்கக்கூடாதது நடந்தது. எங்கள் ரொறன்ரோ அணியே இறுதிக்கு வந்தது. எதிரே வந்தது லூப்பேயின் கழகம். ஜெறோம் அப்போது பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தான். சிவப்புச் சட்டை போட்டு, மைதானத்தில் முரசு அடிக்கும் கூட்டத்தில் நிற்கிற பிள்ளை. இந்த ஒருமுறையாவது தாய் தன் பக்கம் வருவார் என்று நம்பியிருந்தான். அக்கா வரவில்லை. சிவநேசன் அண்ணை பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார், அக்கா மாதாவுக்குச் செபமாலை சொன்னார். இரண்டு ஆட்டங்களும் சேர்ந்து சமமாகி, பெனால்ரியில் எங்கள் அணி தோற்றது. ஜெறோம் அக்காவோடு பேச்சை நிறுத்திவிட்டான். ஒரே வீட்டில் ஒரே மேசையில் இருந்து வாய்பேசாமல் சோறு சாப்பிட்டான் என்று அக்காவே எங்களுக்குச் சொன்னார்.

எனக்கும் கோபம்தான். வெல்லுகிறவன் பக்கம் சாய்வது என்ன பெருமை என்று காரில் கேட்டுவிட்டேன். பெருந்தெருவில் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. அக்கா கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஓம் தம்பி, சாய்ஞ்சுதான் நிக்கிறன். எங்கட சனம் தோக்கிற பக்கத்தில நிண்டு நிண்டே பழகிப்போச்சு. நானும் அதிலதான் பிறந்தன், அதிலதான் ஓடினன். ஒருக்கா எண்டாலும் வெல்லுற பக்கத்தில நிண்டு பாப்பம் எண்டு ஆசைப்பட்டன். அது பிழையே?"

சிவநேசன் அண்ணை வானொலியைத் திருப்பினார். தெருநெரிசல் பற்றி யாரோ சொல்லிக்கொண்டிருந்ததை வேலை வரும்வரை கேட்டுக்கொண்டு போனோம். அன்றைக்குப் பிறகு அவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதை வைத்து நான் அவரைச் சீண்டியதில்லை.

ஆனைக்கு ஒரு காலம் வந்தால் பூனைக்கும் ஒரு காலம் வரும் என்று சிவநேசன் அண்ணை ஓயாமல் சொல்வார். அந்தக் காலமும் வந்தது. அமெரிக்கக் கழகங்கள் பெரிய ஆட்டக்காரர்களை வாங்கின, மெக்சிகோவுக்கே போய் வென்றன. லூப்பேயின் கழகம் வேறு அந்த வருடங்களில் தளர்ந்துபோனது. இப்போது ரோல்ஸ் அக்கா வீட்டில் பொரிந்தது. வெல்லுகிற பக்கம் வேண்டும் என்று வந்தவர் இனி எங்கள் பக்கம் மாறுவார் என்று நான் உள்ளூர எதிர்பார்த்தேன். அவர் மாறவில்லை. தோற்ற ஆட்டங்களைப் பற்றியும் அதே உற்சாகத்தோடு காரில் பேசினார், பயிற்றுநரைத் திட்டினார், பின்வரிசையில் விளையாடும் ஒரு பொடியனுக்கு மட்டும் எப்போதும் பரிந்து பேசினார். அவனுடைய கால் மெதுவாகிவிட்டது என்று லூப்பே சொன்னால், எல்லாருக்கும் கால் மெதுவாகத்தான் செய்யும் என்பார்.

இரண்டு வருடங்களுக்கு முன் அவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்தது. அதைக் காரில் வைத்துத்தான் சொன்னார், விடுமுறை எடுக்கப்போகிறேன் என்று சொல்வதுபோல. முதல் முறை மருந்து ஏற்றி முடித்து, தலைமுடி மீண்டும் முளைத்து, சில மாதம் வேலைக்கும் வந்தார். பிறகு நோய் திரும்பியது. இரண்டாம் முறை மருந்து ஏற்றியதில் ஆளே பாதியாகிவிட்டார். சாப்பாட்டு மணம் பட்டாலே குமட்டும் என்றார். வாழ்நாள் முழுக்கச் சாப்பாட்டுக்குள் வேலை செய்த மனிசி. இந்த வசந்தத்தில் டொக்டர் மூன்றாவது மருந்து ஒன்று இருக்கிறது என்றார். கேட்டால் கேட்கும், கேட்காமலும் போகலாம், பெரும்பாலும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கவேண்டும். அக்கா வேண்டாம் என்றார். ஜெறோமால் அதைத் தாங்க முடியவில்லை. நான் வந்து அம்மாவிடம் கதைக்கவேண்டும், என் சொல்லைக் கேட்பார் என்று அழைத்தான். எனக்குத் தெரிந்து அக்கா யார் சொல்லையும் கேட்டதில்லை. ஆனாலும் போனேன். எனக்கும் அவர் மருந்தை எடுக்கவேண்டும் என்றுதான் இருந்தது.

நான் போன மாலை ஆட்டம் இருந்தது. லூப்பேயின் கழகம் மெக்சிகோவில் இரண்டு கோல்களால் தோற்று, இப்போது அமெரிக்காவில் இரண்டாவது ஆட்டம். அக்கா சாய்கதிரையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு இருந்தார். மரத்தால் விழுந்தவனை மாடேறி மிதித்த மாதிரி, இடைவேளைக்குள் இன்னும் இரண்டு கோல் வாங்கிவிட்டார்கள். இடைவேளையில் பேச்சைத் தொடங்கினேன். இன்னொருமுறை மருந்து எடுத்துப் பார்த்தால் என்ன என்று கேட்டேன். "உது அவன் சொல்லித் தந்த கதை தானே தம்பி" என்றார் அக்கா. குசினியில் நின்ற ஜெறோம் வெளியே வந்தான். கண் சிவந்திருந்தது.

"அம்மா, நீங்கள் எப்பவும் வெல்லுற பக்கம்தானே நிக்கிறனீங்கள். இப்ப மட்டும் ஏன் கிவ் அப் பண்ணுறீங்கள்?"

அக்கா அவனைத் தன் அருகே வரச் சொன்னார். அவன் கம்பளத்தில் கதிரையோடு ஒட்டி இருந்தான்.

"வெல்லுற பக்கம் எண்டுதான் ராசா வந்தனான். பிறகு அவங்கள் தோக்கத் தொடங்கினாங்கள். எத்தினை வருசமாத் தோக்கிறாங்கள், நான் விட்டனானே? நான் மருந்தைத்தான் விடுறன். உன்னை விடேல்லை. மிச்ச விளையாட்டை ஆஸ்பத்திரிக் கட்டில்ல கிடந்து விளையாட எனக்கு விருப்பமில்லை. உன்னோட இந்த வீட்டில விளையாடப்போறன். நீ எனக்கு எதிர்ப்பக்கம் நிக்காதை."

ஜெறோம் தாயின் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டான். நான் கொண்டுவந்த வாதங்களில் ஒன்றுகூட நினைவில் இல்லை. இரண்டாவது பாதி தொடங்கியது.

இன்னும் இரண்டு கோல். லூப்பே தன் வீட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்து, தன்னால் பார்க்க முடியவில்லை, தொலைக்காட்சியை நிறுத்திவிட்டேன் என்று அழுதாள். பிறந்த நாளிலிருந்து அந்தக் கழகத்தோடு இருப்பவளே நிறுத்திவிட்டாள், அம்மா, நாங்களும் நிறுத்துவோம் என்றான் ஜெறோம். விசில் ஊதட்டும் என்றார் அக்கா. விசிலும் ஊதியது. அவன் ரிமோட்டை எடுத்தான்.

"பொறு ராசா. அவங்கள் உள்ளுக்குப் போகட்டும்."

கமரா வென்றவர்களைத்தான் காட்டியது. அவர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கூத்தாடினார்கள். அக்கா கழுத்தை நீட்டி, திரையின் ஓரங்களில் தன்னுடைய ஆட்களைத் தேடினார். பின்னால் தூரத்தில், சின்னச் சின்ன உருவமாக, அவர்கள் தலைகுனிந்து போவது தெரிந்தது. கால் மெதுவாகிவிட்ட அந்தப் பின்வரிசைப் பொடியன் புல்லில் அப்படியே இருந்துவிட்டான். ஒருவரும் அவனைக் கவனிக்கவில்லை. அக்கா கவனித்தார். கம்பளிக்குள்ளிருந்து கையை எடுத்து அவனுக்காக மெதுவாகத் தட்டினார். அவன் எழும்பி, சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனான். அதற்குப் பிறகுதான் நிறுத்தச் சொன்னார்.

அன்றிலிருந்து போகும்வரை அவர் எப்படி இருந்தார் என்பதைச் செத்தவீட்டுப் பின்வரிசைக்காரர்கள் அறியவேண்டும். ஜெறோம் வேலையில் விடுப்பு எடுத்தான். அக்கா கதிரையில் இருந்து சொல்லச் சொல்ல அவன் மட்டன் ரோல்ஸ் செய்தான். பாதி எண்ணெய்க்குள்ளேயே வெடித்துவிட்டது. அதையும் பொதி செய்துகொண்டு ஒரு விடியற்காலை என் காரில் ஏறி மிசிசாகா வரை வந்தார். சிவநேசன் அண்ணை முன் சீற்றை விட்டுக்கொடுத்தார். அன்றைக்கு முந்தியே பஸ்ஸில் வந்து கார் தரிப்பிடத்தில் காத்திருந்த லூப்பே ஓடிவந்து கட்டிக்கொண்டாள். இருவரும் பயிற்றுநரை மாறி மாறித் திட்டினார்கள். தோற்ற பக்கம் ரோல்ஸ் தரவேண்டும் என்பது சட்டம் என்று சொல்லி, வேலைக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் தன் கையாலேயே கொடுத்தார். ஜெறோம் பின்னால் தன் காரில் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனான். தாயும் மகனும் எதற்கோ சிரித்துக்கொண்டு போனதை நான் கண்ணாரக் கண்டேன். மனம் விட்ட ஒருவர் அப்படிச் சிரிப்பாரா?

அக்கா போன காலையைப் பற்றி ஜெறோம் என்னிடம் அதிகம் சொல்லவில்லை. "மூச்சு நிண்டதும் நான் ஒருத்தருக்கும் போன் பண்ணேல்லை அங்கிள். கையைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் பக்கத்தில இருந்தன்" என்றான். பிறகு முதலில் லூப்பேக்குத்தான் சொன்னானாம்.

அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது ஒரு பழக்கம். வென்றவர்கள் கூத்தாடும்போது திரையின் ஓரத்தில் மற்றவர்களைத் தேடுகிறேன். அவர்கள் போய் முடியும்வரை எழும்புவதில்லை. வீட்டில் இதைப் பார்த்து என் மனைவி சிரிக்கிறாள், சிரிக்கட்டும். அக்கா, நீங்கள் ஆறுதலாக உள்ளே போங்கள். நாங்கள் இன்னும் எழும்பவில்லை.